ஒட்டு வேலை யார் கணக்கில்?

ஒரு பழைய அம்பாசடர் காரில் ஒடிந்துபோன ஸ்டட்டைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இதில் எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கலாம். அம்பாசடர் என்றைக்குமே அவர்களுடைய வண்டி. மந்திரி வண்டி, கலெக்டர் வண்டி. எங்கள் காலனிப் பக்கம் அது வந்ததெல்லாம் ஓட்டுக்கு முன்னாலும் குடிசை எரிந்ததற்குப் பின்னாலும்தான். 1958இல் மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் செய்யத் தொடங்கி 2014இல் நிறுத்திவிட்டார்கள். மேலே இருந்தவர்கள் வேறு வண்டிக்கு மாறிப்போன பிறகு அம்பாசடர்கள் கைமாறிக் கைமாறிக் கீழே இறங்கி வந்தன. அப்படி இறங்கி வந்ததில் ஒன்று என் மாமாவிடம் நின்றது. டீசல் வண்டி. பழவேற்காட்டுக்கும் பொன்னேரிக்கும் நடுவே அதை ஓட்டித்தான் மாமா இரண்டு பெண்பிள்ளைகளைப் படிக்க வைத்தார்.

விடிகாலையில் மீன் ஏலம் முடிந்ததும் கூடையோடு ஏறுகிற பெண்கள். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், தாலுகா ஆபீசுக்கு மனுவோடு போகிறவர்கள். ஐந்து பேர் உட்கார வேண்டிய வண்டியில் ஒன்பது பேர். தப்புதான். ஆனால் பஸ்ஸில் மீன்கூடையை வைத்தால் பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பொத்திக்கொள்வார். மாமா வண்டியில் மீன் நாற்றம் நிரந்தரமாக இருக்கும், மூக்கைப் பொத்துகிற ஆள் இருக்கமாட்டார்.

அன்றைக்கு நானும் வண்டியில் இருந்தேன். திருப்பாலைவனத்துக்கு முன்னால் ஒரு மதகு மேட்டில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் ‘டக்’கென்று ஒரு சத்தம். வண்டி இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. மாமா பிரேக்கை மிதித்து ஓரம் கட்டினார். எல்லாரும் இறங்கினோம். காலில் சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்த எங்கள் தெரு ஆயாவைப் பிடித்து இறக்கி ஒரு பனைமர நிழலில் உட்கார வைத்தோம்.

மாமா குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “சஸ்பென்ஷன் ஸ்டட்டு ஒண்ணு பூட்ச்சி மாப்ள. ஒரு வெல்டு வெச்சிட்டா சாயந்திரம் டிரிப் அடிச்சிடலாம்.”

இந்த ஒரு வாக்கியத்தில் இருந்துதான் சண்டை தொடங்கியது. அந்தச் சண்டைதான் இந்தக் கட்டுரை.

*

போன் போட்டதும் மெக்கானிக் டிவிஎஸ் 50-இல் வந்து சேர்ந்தார். அறுபதைத் தொடுகிற வயசு. மாமா அவரை மேஸ்திரி என்பார், நான் அண்ணா என்பேன். வந்தவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்து சாவியை வாங்கிக்கொண்டார். “ஒருத்தரும் ஏறாதீங்க” என்று சொல்லிவிட்டு, தான் மட்டும் உட்கார்ந்து, மாட்டுவண்டி வேகத்தில் தன் ஷெட்டுவரைக்கும் உருட்டிக்கொண்டு போனார். மாமாவையும் ஏற்றவில்லை. ஆயாவை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம்.

ஸ்டட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தலையில்லாத போல்ட்டு. இரண்டு முனையிலும் மரை இருக்கும். ஒரு முனை உடம்புக்குள்ளே திருகி இறங்கியிருக்கும், மறுமுனையில் நட்டைப் போட்டு இறுக்குவார்கள். வண்டியின் சக்கரத்தைத் தாங்குகிற பாகத்தை வண்டியின் உடம்போடு பிடித்துக்கொண்டிருப்பது இப்படிப்பட்ட சில ஸ்டட்டுகள்தான். அம்பாசடருக்கு லாரி மாதிரித் தனியாகச் சேஸிஸ் கிடையாது. உடம்பேதான் சட்டம். ஏரிக்கரை உப்புக்காற்று அந்த உடம்பைத் தின்றால் சட்டத்தையே தின்றதாக அர்த்தம். பழவேற்காட்டில் சைக்கிள் கூட இரண்டு மழைக்குத் தாங்காது. இது முப்பது மழை பார்த்த வண்டி.

ஒடிந்து விழுந்த துண்டை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, வெயிலில் பிடித்துக் காட்டினார். அதைப் பார்த்த பிறகு என்னால் ‘ஒடிந்தது’ என்ற சொல்லைப் பழையபடி உபயோகிக்க முடியவில்லை. ஒடிந்த முகத்தில் பெரும்பகுதி கறுத்துப்போய் வழவழப்பாக இருந்தது. கறுப்பின் மேல் வளைவு வளைவாகக் கோடுகள், அலை திரும்பிப் போன பிறகு ஈர மணலில் நிற்குமே அதுபோல. ஒரு ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு மட்டும் சர்க்கரை உடைத்தாற்போலப் பளபளவென்று புது முறிவு.

“இன்னிக்கு ஒடிஞ்சது இவ்ளோதான் தம்பி” என்று அந்த நகத்தைத் தொட்டுக் காட்டினார். “மீதியெல்லாம் எப்பவோ ஒடிஞ்சி போச்சி. ஒடஞ்ச ஸ்டட்டு மேலதான் இத்தினி நாளா நீங்க போயிகினு இருந்தீங்க.”

இது ஏதோ பட்டறைப் பேச்சு இல்லை. உலோகக் களைப்பு என்று விஞ்ஞானம் இதற்குப் பேர் வைத்திருக்கிறது. 1842இல் பிரான்சில் வெர்சாய் பக்கம் ஒரு ரயில் இன்ஜினின் அச்சு முறிந்து ஐம்பது பேருக்கு மேல் செத்தார்கள். நன்றாக இருந்த அச்சு ஏன் முறிந்தது என்று யாருக்கும் புரியவில்லை. பின்னால் ஜெர்மானிய ரயில்வே பொறியாளர் வோலர் 1850களிலும் 60களிலும் சோதனை மேல் சோதனையாகச் செய்து காட்டினார். ஒரே தடவையில் வருகிற பெரிய பாரம்தான் இரும்பை முறிக்கும் என்பதில்லை, தாங்கக்கூடிய சின்ன பாரமே திரும்பத் திரும்ப லட்சம் தடவை வந்தாலும் போதும். முதலில் துருக்குழி மாதிரி ஒரு சின்னப் பொத்தலில் கீறல் விடும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது ஒரு மயிரிழை முன்னேறும். வெளியே ஒன்றும் தெரியாது. மிஞ்சிய இரும்பு தாங்காத அன்றைக்கு ‘டக்’.

எம்.ஏ. தமிழ் படித்தவன் என்பதால் குறள் ஞாபகத்துக்கு வராமல் போகுமா? வலியறிதல் அதிகாரத்தில், மயிலிறகுதானே என்று அளவில்லாமல் ஏற்றினால் வண்டி அச்சு முறியும் என்று வள்ளுவர் அரசனுக்குச் சொல்லுகிறார். வினைத்திட்பத்தில், பெரிய தேருக்கு அச்சாணி எப்படியோ அப்படிப்பட்டவர்களை உருவம் பார்த்து இகழாதே என்கிறார். வகுப்பில் இரண்டையும் மனப்பாடம் செய்தோம், முதலாவது பிறிது மொழிதல் அணி, இரண்டாவது உவமை அணி என்று எழுதி மார்க் வாங்கினோம். அந்த அச்சாணியை அடித்தவன் யார், முறிந்தால் மாற்றுகிறவன் யார், அவனுக்குத் தெரிந்தது என்ன என்று ஒரு நாளும் வகுப்பில் கேள்வி வரவில்லை. ஆணி உவமையாக இருக்கிறவரைக்கும்தான் அதற்கு மரியாதை. கிரீஸோடு கையில் இருந்தால் அது மெக்கானிக் சமாச்சாரம்.

*

இனி சண்டைக்கு வருகிறேன். மாமா கேட்டது வெல்டு. முந்நூறு ரூபாயில் முடியும். மேஸ்திரி முடியாது என்றார்.

ஏன் முடியாது? ஸ்டட் சாதா இரும்பு அல்ல, சூடு காட்டிப் பதமாக்கிய எஃகு. மில்லிமீட்டர் கணக்கு போல்ட்டுகளின் தலையில் 8.8 என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் எட்டுக்கு அர்த்தம், ஒரு சதுர மில்லிமீட்டர் இரும்பு 800 நியூட்டன், அதாவது சுமார் 80 கிலோ இழுப்பைத் தாங்கும் என்பது. லேத்தில் கடைந்து கொடுக்கிற சாதா ராடு இதில் பாதிதான் தாங்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். பதமான எஃகில் வெல்டு வைத்தால் அந்தச் சூட்டில் பதம் போய்விடும். வெல்டு பிடித்த இடம் நிற்கும், அதற்குப் பக்கத்தில் முறியும். “ஒட்ன எடத்துல ஒடியாது, ஒட்னதுக்கு ஓரத்துல ஒடியும்” என்றார் மேஸ்திரி.

சரி, கழற்றுவதென்றால்? அங்கேதான் வேலை இருக்கிறது. உள்ளே இறங்கிய பாதி, மேல்மட்டத்தோடு மட்டமாக முறிந்து உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. பிடித்துத் திருக முனை இல்லை. துரு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. முதலில் டீசலும் மண்ணெண்ணெயும் ஊற்றி ஊறவிட்டார். ராத்திரி முழுக்க ஊறியது. காலையில் சுற்றியுள்ள இரும்பைக் கேஸ் விளக்கில் லேசாகச் சூடு காட்டி, சுத்தியால் தட்டித் தட்டித் துருவை உதிர்த்தார். பிறகு நட்டநடுவில் ஒரு சென்டர் பஞ்ச். இம்மி விலகினாலும் டிரில் வழுக்கி உடம்பு மரையைத் தின்றுவிடும் என்பதால், அந்த ஒரு புள்ளியை வைக்க அவர் எடுத்துக்கொண்ட நேரம் ஒரு பீடி நேரம். அதற்கு மேல் சின்ன டிரில், அப்புறம் கொஞ்சம் பெரிய டிரில். துளைக்குள் இடதுபக்க மரை போட்ட ஈசி அவுட்டை இறக்கி, கழற்றுகிற திசையில் அழுத்தித் திருகினார். அவசரப்பட்டால் ஈசி அவுட்டே உள்ளே ஒடிந்துபோகும். அது டிரில்லும் இறங்காத கெட்டி எஃகு. அப்புறம் வண்டி காயலான் கடைக்குத்தான்.

கிர்ர் என்று முதல் அசைவு வந்தபோது மேஸ்திரி நிறுத்தினார். முன்னே கால் சுற்று, பின்னே கால் சுற்று, எண்ணெய், மறுபடியும். கடைசியில் அந்தத் துண்டு கையோடு வந்தது. டேப் விட்டு மரையைச் சுத்தம் செய்தார். தாய் மரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

புது ஸ்டட்டுக்கு அவரே பட்டணம் போனார். புதுப்பேட்டையில் பழைய வண்டியில் பிரித்தது மலிவாகக் கிடைக்கும், அதை வாங்கலாமே என்றார் மாமா. “பழசு எத்தினி லட்சம் தடவ ஆடிச்சின்னு எவனுக்குத் தெரியும்?” என்று கேட்டுவிட்டு ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறிப் புதுசு வாங்கி வந்தார். அம்பாசடருக்கு இஞ்சுக் கணக்கு மரை. மில்லிமீட்டர் நட்டு ஒன்றிரண்டு சுற்று ஏறுகிற மாதிரி ஏமாற்றி மரையைக் கடித்துவிடும். ஒன்று மட்டும் வாங்காமல் கூட இருந்த ஸ்டட்டுகளையும் மாற்றினார். “ஒடிஞ்சதோட பாரத்த இதுங்கதான் தாங்கினு இருந்துச்சி. இதுங்களுக்கும் அதே வயசு” என்றார். செலவு இரண்டாயிரத்தைத் தாண்டியது. வண்டி மூன்று நாள் மரத்தடியில் கட்டைமேல் நின்றது.

மேஸ்திரி செய்ததுதான் சரி என்று எனக்கு அப்போது சந்தேகமே இல்லை. மாமாவிடம் பெரிதாகப் பேசினேன். உயிர், பொறுப்பு, அறம் என்றெல்லாம். மாமா பேசாமல் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் ஆயாவுக்கு மறுபடி கட்டு மாற்றுகிற நாள். வண்டி இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு போனாள். நெரிசலில் எவனோ அந்தக் காலையே மிதித்துவிட்டான். திரும்பி வரும்போது கட்டில் ரத்தம். ஆற வேண்டிய புண் இன்னும் ஒரு மாதம் இழுத்தது. நான் பார்க்கப் போனபோது ஆயா சொன்னாள்:

“நீயும் மேஸ்திரியும் நாயம் பேசுனீங்க கண்ணு. என் காலு இல்ல கூலி குடுத்துச்சி.”

எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் முழுதாக வரவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

*

ஏழைகளின் ஒட்டு வேலையைப் பற்றி உலகத்தில் இரண்டு பேச்சு இருக்கிறது. ஒன்று, பழைய பேச்சு: இவன்களுக்கு எதையும் ஒழுங்காகச் செய்யத் தெரியாது. இன்னொன்று, புதுப் பேச்சு: ஆகா, ஒன்றுமில்லாததை வைத்து என்ன சாமர்த்தியம்! இந்தச் சாமர்த்தியத்துக்கு இந்தியில் ‘ஜுகாட்’ என்று பேர். 2012இல் அதைப் புகழ்ந்து ஆங்கிலத்தில் மேலாண்மைப் புத்தகமே வந்துவிட்டது. முதல் பேச்சு நம்மைத் திட்டுகிறது. இரண்டாவது நம்மைத் தட்டிக்கொடுக்கிறது. இரண்டுமே நமக்கு ஒழுங்கான ஸ்டட்டைத் தருவதாக இல்லை. அதைப் புகழ்கிறவர் ஏறுகிற விமானத்தில் ஜுகாட் வேலை நடந்திருந்தால் அவர் ஏறுவாரா? மாட்டார். அடுத்தவன் ஒட்டுப் போட்ட வண்டியில் போகும்போதுதான் அது சாமர்த்தியமாகத் தெரிகிறது.

அதற்காக ஒட்டு வேலை எல்லாமே பாவம் என்றும் சொல்லிவிட முடியாது. ஏரிக்கரையில் உட்கார்ந்து பாருங்கள். வலையைப் பொத்திக்கொண்டே இருப்பார்கள். நண்டு கடித்த ஓட்டை, முள்ளில் மாட்டிய கிழிசல். பொத்தாத வலை என்று ஒன்று கிடையாது. சுனாமிக்குப் பிறகு எங்கும் வந்த ஃபைபர் படகுகளில் விரிசல் விட்டால் ரெசினும் ஃபைபர் துணியும் வைத்து ஒட்டுகிறார்கள். இதெல்லாம் குற்றமா? இல்லை. வலையின் ஒட்டு வெளியே தெரிகிறது. விட்டுப்போனால் நாலு மீன் போகும். படகில் ஒட்டுப் போட்டவனே அதில் கடலுக்குப் போகிறான், எந்த இடம் பலவீனம் என்று அவன் உள்ளங்காலுக்குத் தெரியும்.

அப்படியானால் ஒட்டுப் போட்டவன் தானும் அதில் ஏறினால் அது நியாயமான ஒட்டு, ஏறாவிட்டால் அநியாயமா? முதலில் நான் இப்படித்தான் யோசித்தேன். ஆனால் இது மாமாவிடம் வந்து தடுக்கிறது. வெல்டு வைத்திருந்தால் மாமாவும் அதே வண்டியில்தானே உட்கார்ந்திருப்பார்? ஸ்டியரிங்குக்குப் பின்னால், எல்லாருக்கும் முன்னால். அவர் தன் உயிரை ஒளித்து வைக்கவில்லை.

வித்தியாசம் உயிரில் இல்லை, தெரிந்திருப்பதில் இருக்கிறது. மாமாவுக்குத் தெரியும். பின்சீட்டில் கூடையை மடியில் வைத்திருக்கிற பெண்ணுக்குத் தெரியாது. தெரிந்து ஏறுகிறவன் தன் கணக்கில் ஏறுகிறான். தெரியாமல் ஏறுகிறவளின் பேரில் யாரோ கடன் எழுதிவிடுகிறார்கள். ஒட்டு வேலை என்பது இன்றைய செலவை நாளைக்குத் தள்ளுகிற கடன். கடன் வாங்குவது குற்றமில்லை, நாமெல்லாம் கடனில்தான் வாழ்கிறோம். அடுத்தவள் பேரில் அவளுக்குத் தெரியாமல் கைநாட்டு வைப்பதுதான் குற்றம்.

இது ஒரு மதகு மேட்டோடு முடிகிற விஷயமில்லை. குஜராத்தில் மோர்பி என்ற ஊரில் மச்சு ஆற்றின் மேல் ஒரு பழைய தொங்குபாலம் இருந்தது. பழுதுபார்ப்பதற்காக மூடி, 2022 அக்டோபர் 26 அன்று திறந்தார்கள். மக்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறினார்கள். அக்டோபர் 30 அன்று வடம் அறுந்து 135 பேர் செத்தார்கள். விசாரணைக் குழு அறிக்கையைப் படித்தபோது எனக்கு மேஸ்திரி காட்டிய ஸ்டட் முகம்தான் கண்ணில் நின்றது. அந்த வடத்தில் 49 கம்பிகள். 22 கம்பிகள் முன்பே துருவேறி இருந்தன, அவை அன்றைக்கு முன்பே அறுந்திருக்கக்கூடும் என்றது அறிக்கை. அன்று அறுந்தது மிச்சமிருந்த 27. பழைய தொங்குகம்பிகளைக் கழற்றாமல் புதுக் கம்பிகளோடு வெல்டு வைத்திருந்தார்கள். நடக்கிற தளம் மட்டும் புத்தம்புது அலுமினியம். காலுக்குக் கீழே தெரிகிறது புதுசு, தலைக்கு மேலே தாங்குகிறது பழசு. முதலில் கைதான ஒன்பது பேரில் டிக்கெட் கொடுத்தவர்களும் காவலாளிகளும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். 135 பேருக்குமே தெரியாமல் அவர்கள் பேரில் கடன் எழுதப்பட்டிருந்தது.

*

ஒடிந்த முகத்தைப் படிக்கத் தெரிந்த மேஸ்திரிக்கு எழுத்துக் கூட்டித்தான் பேப்பர் படிக்க வரும். அவர் பட்டறைக்குப் போன கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை என்று ஒன்று உண்டு. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்கிற பழைய ஏற்பாடு. ஏரியை ஒரே ஆள் சுரண்டிவிடாமல் காப்பாற்றிய ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் புகழ்கிறார்கள், அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது பரம்பரை மீனவக் குப்பங்களின் உரிமை. கரையிலேயே பிறந்தாலும் தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் அந்த முறையில் பேர் இல்லை. கையால் இறால் தடவிப் பிடிக்கலாம், ஓரத்தில் சின்ன வலை போடலாம். நல்ல இடத்தில் நின்றால் விரட்டு விழும். அந்தக் குப்பங்களையும் துறைமுகமும் அனல்மின் நிலையமும் முகத்துவாரத்து மணலும் இன்றைக்கு ஒரு கை பார்த்துவிட்டன, அது வேறு அழுகை. மேஸ்திரி சின்னப் பையனாக இருந்தபோது அவருடைய நைனா சொன்னாராம்: “ஏரியில நமக்குப் பாடு இல்ல. போய் வண்டிக்கடியில பாடுபடு.”

ஒரு பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற பையனாகச் சேர்ந்தார். மூன்று வருஷம் சாப்பாடு மட்டும்தான் கூலி. அடியில் படுக்கிற வேலை எப்போதும் இவருக்கு. “நீ மண்ணுல பொரள்றவன்தானே” என்பார்களாம். ஆனால் அடியில் படுத்தவன் கண்ணுக்குத்தான் வண்டியின் உண்மை தெரிந்தது. பளபளப்பு மேலே இருக்கிறது, கீறல் கீழே இருக்கிறது.

சாதி வெறும் வேலைப் பிரிவினை இல்லை, வேலை செய்கிறவர்களையே படி போட்டுப் பிரித்து வைப்பது என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். அந்தப் பிரிவினை ஒரு ஸ்டட்டில் எப்படி வேலை செய்கிறது பாருங்கள். கீறலைத் தொட்டுப் பார்க்கிற கைக்குக் கையெழுத்துப் போடுகிற அதிகாரம் இல்லை. கையெழுத்துப் போடுகிற கை கீறலைத் தொட்டதில்லை. எஃப்.சி.க்குப் போகும்போது நாமும் வண்டிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டுதானே போகிறோம்? தொடுகிறவனும் சான்றிதழ் கொடுக்கிறவனும் வேறு வேறு ஆளாக இருக்கிற சமூகத்தில் பெயிண்டுக்குக் கீழே துரு இருந்தே தீரும். அதனால்தான் மேஸ்திரி “முடியாது” என்று சொன்னதை நான் வெறும் நேர்மை என்று எழுத மாட்டேன். அறிவு தன்னிடம் இருக்கிறது என்று நிமிர்ந்து நின்று சொல்லுகிற சொல் அது. மூன்று வருஷம் சோற்றுக்கு மட்டும் உழைத்தவன் நாற்பது வருஷம் கழித்துப் போட்ட கையெழுத்து.

*

அப்படியானால் ஆயாவுக்கு என்ன பதில்?

நான் யோசித்து வந்த இடம் இது. மேஸ்திரி செய்தது சரி. ஆனால் அந்தச் சரிக்கு ஆன செலவை ஆயாவின் கால் கொடுத்தது. ஒட்டு வேலை அவள் பேரில் எழுதப்பட்டிருக்க வேண்டிய கடன் என்றால், ஒழுங்கு வேலையும் அவள் பேரிலேயே பில்லாக வந்தது. ஏழைக்கு இரண்டு பக்கமும் அடி. ஒழுங்கான வேலையின் செலவைத் தாங்குகிற ஏற்பாடு ஒரு ஊரில் இல்லையென்றால், ‘ஒழுங்காகச் செய்’ என்று உபதேசிக்கிறவன் அடுத்தவன் காலில் நின்றுகொண்டு உபதேசிக்கிறான். நான் அன்று செய்தது அதுதான். வண்டி நின்ற மூன்று நாளும் ஆயாவை யார் கூட்டிக்கொண்டு போவது என்று என் அறத்தில் ஒரு வரி இல்லை. மேஸ்திரிக்கு வண்டி பொறுப்பு. எனக்கு வாய் இருந்தது, ஆயா என் பொறுப்பு என்று தோன்றவில்லை. டிவிஎஸ் 50-ஐக் கேட்டிருந்தால் மேஸ்திரி கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை.

ஆகவே பழுது பார்ப்பது என்பது ஸ்டட்டை மாற்றுவதோடு முடிகிற காரியம் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். வண்டி நின்ற நாட்களும் பழுதின் பகுதிதான். அந்த நாட்களை யார் சுமப்பது என்று சேர்த்துப் பேசாத நியாயம் பாதி நியாயம். அடுத்த முறை வேறு வழியே இல்லாமல் ஒட்டுத்தான் போட வேண்டியிருந்தால்? போடலாம். ஏறுகிற ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டுப் போடலாம். எத்தனை நாளைக்கு என்று கெடு வைத்துப் போடலாம். சொல்ல முடியாத ஒட்டு, கெடு இல்லாத ஒட்டு, அந்த இரண்டையும் மட்டும் போடக்கூடாது.

மேஸ்திரி இதையெல்லாம் இத்தனை வார்த்தையில் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் நட்டுகளை இறுக்கினார். இறுக்கமாகப் பிடித்த ஸ்டட்டுக்குப் பள்ளத்தின் ஆட்டம் அவ்வளவாகத் தெரியாதாம், நட்டு தளர்ந்தால்தான் ஒவ்வொரு குலுக்கலையும் அது தனியாக வாங்கிக் களைக்குமாம். பிறகு ஒரு குச்சியில் வெள்ளைப் பெயிண்டைத் தொட்டு, ஒவ்வொரு நட்டின் மேலிருந்தும் பக்கத்து இரும்புவரைக்கும் ஒரே கோடாக இழுத்தார்.

“நட்டு திரும்புனா கோடு ரெண்டா பிரிஞ்சிடும். படிக்கத் தெரியாதவங்களுக்குக் கூட தெரியும். பிரிஞ்சா ஏறாதீங்க, என்னக் கூப்புடுங்க.”

ஆயாவுக்குக் கால் ஆறிவிட்டது. மறுபடி மாமா வண்டியில்தான் போகிறாள். அந்தக் கோட்டைப் பற்றி அவளிடம் நான்தான் சொன்னேன். சொன்ன நாளிலிருந்து ஏறுவதற்கு முன்னால் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து வைக்கச் சொல்லி, கோலை ஊன்றிக் குனிந்து, சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறாள். மாமாவுக்கு முதலில் ரோஷம். “என்னா ஆயா, என்னிய நம்ப மாட்டியா?” என்றார்.

“ஒன்ன நம்பறேன்டா. கோட்டையும் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். இப்போது மீன்கூடைக்காரிகளும் குனிந்து பார்க்கிறார்கள்.